இரண்டாம் கற்குவியல்

கிலாரன்,
3 நவம்பர் 1986

தம்பி லாக்லனுக்கு,

நலம் என்று எழுதுவது வழக்கம், எழுதிவிட்டேன். நீயும் மார்ஷலியும் நலமாக இருப்பீர்கள் என நம்புகிறேன். ஈரக்காற்று வீசும் மாதங்களில் உன் வலது முழங்கால் தொந்தரவு தரும் என்பது நினைவிருக்கிறது. ஊனாவின் அடக்கத்துக்கு நீங்கள் அனுப்பிய மலர்வளையம் வந்து சேர்ந்தது.

மீட்புக் குழுவின் அறிக்கை நேற்று வந்தது. என் மனைவி அக்டோபர் 11 அன்று மியல் யோர் மலையிலிருந்து இறங்கும்போது "மூடுபனியில் வழியை விட்டு விலகி" ஏரிக்கு மேலுள்ள செங்குத்துப் புல்சரிவில் வழுக்கி விழுந்து இறந்தாள் என்கிறது. ஊரும் அதையே சொல்கிறது. எஃபியின் கடையில் நான் பின்னால் நிற்பதை அறியாமல் அவள் சொல்லிக்கொண்டிருந்தாள்: "பாவம், எடின்பரோ பொண்ணு. பன்னண்டு வருஷம் இங்க இருந்தும் மலை அவளுக்கு ஒட்டவே இல்ல." திரும்பி என்னைப் பார்த்தவள், முகம் மாறாமல், "டூகல், உனக்கு ரொட்டிதானே?" என்றாள். ஆம், ரொட்டிதான் என்றேன்.

ஊனாவின் சட்டைப் பையில், ஈரம் படாமல் பொதிந்து, நீ பதிப்பிக்கும் மலைநடைக் கையேடு இருந்தது. 1983ஆம் ஆண்டின் மூன்றாம் பதிப்பு. பக்கம் 41இல் இவ்வரிகளைப் பென்சிலால் கோடிட்டிருக்கிறாள்: "உச்சியிலிருந்து பழைய வேலியின் இரும்புக் கம்பங்களை ஒட்டி வடகிழக்கே நடக்கவும். இரண்டாம் கற்குவியலில் இடப்புறம் திரும்பி, புல்முதுகு வழியாக எளிதில் ஏரிக்கரைக்கு இறங்கலாம்."

மூன்று கேள்விகள். நீ அந்த இறக்கத்தில் கடைசியாக நடந்தது எப்போது? அன்று முகட்டில் வழிக்குறியாக நின்ற கற்குவியல்கள் எத்தனை? பக்கம் 41ஐ அச்சுக்கு முன் சரிபார்த்தவர் யார்?

உடம்பைப் பார்த்துக்கொள்.

டூகல்


எடின்பரோ,
16 நவம்பர் 1986

அன்புள்ள அண்ணாவுக்கு,

உங்கள் கடிதம் வந்ததிலிருந்து மார்ஷலி அழுதுகொண்டிருக்கிறாள். நீங்கள் சரியாகச் சாப்பிடுகிறீர்களா, அடுப்பு மூட்டுகிறீர்களா என்று கேட்கச் சொன்னாள். எங்கள் இருவருக்கும் குறையொன்றுமில்லை; முழங்கால் மட்டும் படிக்கட்டில் என் வயதைச் சொல்லிக்காட்டுகிறது.

அண்ணியைப் போல நிதானமானவர்களை நான் பார்த்ததில்லை. தேநீர்க் கோப்பையைக்கூட இரண்டு கையாலும் பிடிப்பார். அப்படிப்பட்டவருக்கு இப்படி ஒரு முடிவு என்றால் மனம் ஏற்க மறுக்கிறது. மலையை முழுவதும் அறிந்தவர் யார் அண்ணா? புல்மலை என்றால் சாது என்று எல்லோரும் நம்புகிறோம். பாறைமலையில் பயந்து கால் வைப்பவர்கள் புல்லில் கவனம் இழக்கிறார்கள்.

கேட்டிருந்தீர்கள். அந்த இறக்கத்தில் பலமுறை நடந்திருக்கிறேன். கடைசியாக எப்போது என்பது இப்போது நினைவுக்கு வரவில்லை. கற்குவியல்கள் விஷயத்தில் யார் உறுதி சொல்ல முடியும்? வருகிறவர் போகிறவர் எல்லாம் ஆளுக்கொரு கல் வைப்பது நம் பழக்கம். ஒன்று சரியும், ஒன்று முளைக்கும்.

ஒன்று கேட்கலாமா? தவறாக நினைக்க வேண்டாம். அண்ணி அன்று ஏன் தனியாகப் போனார்?

குளிர் ஏறுமுன் ஒருமுறை இங்கே வந்து தங்குங்கள்.

உங்கள்,
லாக்லன்


கிலாரன்,
24 நவம்பர் 1986

தம்பி லாக்லனுக்கு,

அடுப்பு மூட்டுகிறேன். சாப்பிடுகிறேன். மார்ஷலியிடம் சொல்.

உன் கேள்விக்கு முதலில் பதில், ஏனெனில் கேட்டால் பதில் சொல்வது என் பழக்கம். ஊனா அன்று காலை என்னை அழைத்தாள். "வாயேன் டூகல், உன் புல்மலைய நான் இன்னும் மேலேர்ந்து பாத்ததே இல்ல" என்றாள். என் முன்னால் நாற்பத்திரண்டு மாணவர்களின் நிலவியல் விடைத்தாள்கள் இருந்தன. "புத்தகம் இருக்குல்ல, அதப் பாத்துப் போ" என்றேன். அவள் புத்தகத்தைப் பார்த்துப் போனாள்.

என் மூன்று கேள்விகளுள் ஒன்றுக்கும் நீ விடை தரவில்லை. ஆகவே நானே தேடினேன். ஆடு மேய்க்கும் ரூரி உனக்கு நினைவிருப்பான். அவனிடம் கேட்டேன்.

"முகட்டுல கற்குவியல் எத்தன ரூரி?"

"நான் ஆட்டத்தான் எண்ணுவேன். கல்லு எங்கயும் ஓடிப் போறதில்ல."

"யோசிச்சுச் சொல்லு."

"மூணு. எங்க அப்பன் காலத்துல ரெண்டு. நடுவுல நிக்கறது புதுசு. எட்டு, ஒம்பது வருஷம் இருக்கும். ஆனா இப்ப அதுதான் பெருசு. பட்டணத்து ஆளுங்க அதப் பாத்தா கல்லு வைக்காம போறதில்ல."

நேற்று முன்தினம் ஏறினேன். மூன்றுதான். முன்பு இரண்டாவதாக இருந்தது இப்போது மூன்றாவது. நடுக்குவியலில் நின்று இடப்புறம் திரும்பினால் தெரிவதும் புல்தான். மேலிருந்து பார்க்க, மேய விட்ட பசுவின் முதுகைப் போல் அமைதியானது. நாற்பதடி இறங்கினால் அது வளைந்து கண்ணுக்கு மறைகிறது. மறைந்த இடத்துக்குக் கீழே ஈரப்புல், அதற்குக் கீழே பாறை விளிம்பு, அதற்குக் கீழே ஏரி. மீட்புக் குழுவினர் ஏரிக்கரையிலிருந்து ஏறி அவளை எடுத்தார்கள். முகட்டுக்குப் போய் எவரும் எண்ணவில்லை.

ஊனா வழியை விட்டு விலகவில்லை. எண்ணி நடந்தாள். நீ எழுதிய எண்ணைத்தான் எண்ணினாள்.

நான்காம் பதிப்பு மார்ச்சில் அச்சுக்குப் போகிறது என அறிகிறேன். எனக்கு வேண்டியது ஒன்றே. மூன்றாம் பதிப்பின் பக்கம் 41 பிழையானது, ஊனா மெக்காஸ்கில் அதன்படியே நடந்தாள் என்று பதிப்பாசிரியனாகிய நீ எழுதிக் கையெழுத்திட வேண்டும். ஒன்று கையேட்டில், ஒன்று மீட்புக் குழுவுக்கு. ஈஸ்டருக்கு முன் ஊர்மண்டபத்தில் மீட்புக் குழுவை நடத்தும் சார்ஜென்ட் கில்க்ரிஸ்ட் மலைப் பாதுகாப்பு பற்றிப் பேசுவார். இவ்வாண்டு அவர் எடுத்துக்காட்டப்போகும் அசட்டைக்காரி யார் என்பது ஊருக்கே தெரியும்.

முழங்காலுக்குச் சூட்டு ஒத்தடம் கொடு.

டூகல்


கிலாரன்,
9 ஜனவரி 1987

தம்பி லாக்லனுக்கு,

புத்தாண்டு வாழ்த்துகள். உங்கள் வீட்டில் அனைவரும் நலந்தானே?

ஆறு வாரங்களும் நான்கு நாட்களும் ஆகின்றன. தபால் தவறியிருக்கலாம் என்பதால் என் முந்தைய கடிதத்தின் நகலை இணைத்திருக்கிறேன். தொலைபேசியில் மூன்று முறை அழைத்தேன். மூன்று முறையும் நீ குளித்துக்கொண்டிருப்பதாக மார்ஷலி சொன்னாள். தூய்மை நல்லதுதான்.

மலையில் பனி இறங்கிவிட்டது. மார்ச் வரை எவரும் ஏற மாட்டார்கள். அதுவரை எவரும் விழவும் மாட்டார்கள். உனக்கு இருக்கும் கால அவகாசம் அவ்வளவே.

டூகல்


எடின்பரோ,
20 ஜனவரி 1987

அன்புள்ள அண்ணாவுக்கு,

மன்னியுங்கள். காய்ச்சலில் படுத்துவிட்டேன், மார்ஷலிக்கும் தொற்றிக்கொண்டது. இப்போது இருவரும் தேறிவிட்டோம். உங்களுக்குச் சளி பிடித்திருக்கிறதா? கிலாரனில் அந்த வீட்டின் வடக்கு அறை எப்போதும் ஈரம், அங்கே படுக்காதீர்கள்.

கையேட்டை வெளியிடும் மலைநடைக் கழகத்தின் செயற்குழுவில் பேசினேன். பிழை என்று அச்சில் ஒப்புக்கொண்டால் வழக்கு வரும் என்று வழக்கறிஞர் ஒருவர் பயமுறுத்திவிட்டார். "லாக்லன், உங்க அண்ணன் துக்கத்துல இருக்கார். துக்கம் ஆறட்டும், அச்சு ஆறாது" என்றார் தலைவர். அது ஒருவகையில் நியாயந்தானே? அதனால் பக்கம் 41இன் அடியில் ஒரு வரி சேர்க்கிறோம்: "மூடுபனியில் இவ்விறக்கத்தைத் தவிர்ப்பது நன்று." இது இனி வருபவர்களைக் காக்கும். போனவரை எதுவும் திருப்பித் தராது அண்ணா.

ஒரு வேண்டுகோள் மட்டும். அந்த நடுக்குவியலைக் கலைத்துவிடாதீர்கள். எத்தனையோ பேர் நல்லெண்ணத்தோடு வைத்த கற்கள். கலைப்பது முறையல்ல.

வசந்தத்தில் சந்திப்போம்.

உங்கள்,
லாக்லன்


கிலாரன்,
2 பிப்ரவரி 1987

தம்பி லாக்லனுக்கு,

சளி இல்லை. வடக்கு அறையில் படுப்பதில்லை. அது ஊனாவின் தையல் அறை.

நான் எழுதும் கடிதங்களுக்கு நகல் வைத்துக்கொள்பவன் நான். மூன்றையும் மறுபடி படித்தேன். நடுக்குவியலைக் கலைப்பேன் என்று அவற்றில் எங்கும் இல்லை. அப்படி ஓர் எண்ணம் எனக்கு அதுவரை தோன்றியதும் இல்லை.

ஒன்று சரியும், ஒன்று முளைக்கும் என்று நவம்பரில் எழுதினாய். எங்கோ முளைத்த, எவரோ வைத்த கற்களுக்காக ஜனவரியில் கெஞ்சுகிறாய். மனைவியை இழந்தவனுக்கு நீ எழுதிய இரண்டு கடிதங்களில் உன் குரல் உண்மையாக ஒலித்த இடம் இது ஒன்றே.

ஆகவே பழைய மூன்று கேள்விகளையும் திரும்பப் பெறுகிறேன். ஒரே கேள்வி. அதில் முதல் கல்லை வைத்தது யார்?

டூகல்


எடின்பரோ,
4 மார்ச் 1987

அண்ணாவுக்கு,

நலம். நீங்களும் அவ்வாறே இருக்க வேண்டுகிறேன்.

கையேடு அச்சுக்குப் போய்விட்டது. மெய்ப்புப் படியை இணைத்திருக்கிறேன். பக்கம் 41இல் நான் சொன்ன வரி சேர்ந்திருக்கிறது. மற்றபடி மாற்றமில்லை.

வேறொன்றும் எழுதும் நிலையில் இல்லை.

லாக்லன்


கிலாரன்,
23 மார்ச் 1987

தம்பி லாக்லனுக்கு,

மெய்ப்புப் படி கிடைத்தது. தாள் தரமானது.

சனிக்கிழமை வானம் தெளிந்திருந்தது. ரூரியை அழைத்துக்கொண்டு ஏறினேன். நீ கலைக்க வேண்டாம் என்றதைக் காலை ஒன்பது மணி முதல் பிற்பகல் இரண்டு வரை கலைத்தோம். இவ்வாண்டு இன்னொருவர் அதை எண்ணி விழக்கூடாது என்பது ஒரு காரணம். மற்றதை நீ அறிவாய்.

நான் படித்த படிப்புக்கு இப்படி ஒரு பயன் வரும் என எண்ணியதில்லை. மேலே கிடந்தவை முறிவு புதிதான கற்கள். இடுப்பளவுக்குக் கீழே பாசிப்பூச்சு நகத்தளவு. அதற்கும் கீழே சில்லறைக் காசின் விட்டம்; பூச்சு அகல அகல, கல் வைத்த காலம் முந்தியது. எல்லாம் அந்த முகட்டில் கிடக்கும் சாம்பல்நிறப் பாறை. ஆனால் அடியில், மண்ணை ஒட்டி, ஐந்து வெள்ளைக் கூழாங்கற்கள். அவை முகட்டைச் சேர்ந்தவை அல்ல. இரண்டாயிரம் அடி கீழே, ஏரிக்கரையில், நம் வீட்டுப் படகு நின்ற இடத்தைத் தவிர வேறெங்கும் அவ்வகைக் கல் இல்லை. எவனோ ஐந்தையும் பையில் சுமந்து ஏறியிருக்கிறான்.

ரூரி ஒன்றைக் கையில் எடுத்து உருட்டினான். "இது சும்மா உக்காந்த எடத்துல அடுக்கினது இல்ல டூகல். யாரோ யாரையோ பொதைச்சிருக்கான்" என்றான். பிறகு இன்னும் சில சொன்னான்.

கற்களுக்கு நடுவில் அப்பாவின் புகையிலைத் தகர டப்பா இருந்தது. மூடியில் அவர் கத்தியால் கீறிய பெயரெழுத்துகள் அப்படியே இருக்கின்றன. 1978 பிப்ரவரியில், அவரை அடக்கம் செய்த அன்று, கூடத்தில் தொங்கிய அவர் கோட்டுப் பையிலிருந்து அது காணாமல் போனது. நான் அப்போது துப்புரவு செய்ய வந்தவளைச் சந்தேகித்து நிறுத்தினேன். அவள் இப்போது இறந்துவிட்டாள்.

என் பிப்ரவரிக் கேள்விக்கு நீ இனி விடை எழுத வேண்டியதில்லை. எழுதுவதும் எழுதாததும் உன் விருப்பம்.

டூகல்


எடின்பரோ,
3 ஏப்ரல் 1987

அண்ணாவுக்கு,

நலம் விசாரிக்க எனக்குத் தகுதியில்லை. இருந்தாலும் விசாரிக்கிறேன்.

அப்பாவின் அடக்கத்துக்கு நான் பத்து நிமிடம் தாமதமாக வந்தேன். கணவாயில் பனி, கடைசி இரண்டு மைலை நடந்து வந்தேன். பெட்டியை இறக்கும் கயிறுகளில் கால்மாட்டுக் கயிறு எனக்குரியது. உறவு முறைப்படி இன்னாருக்கு இன்ன கயிறு என்று எண் எழுதிய அட்டைகூட எனக்கு வந்திருந்தது. நான் இடுகாட்டு வாசலில் நுழைந்தபோது அந்தக் கயிற்றை ரூரி பிடித்திருந்தான். நீங்கள் ஊர் முன்னால் சொன்னீர்கள்: "மண்ணு யாருக்கும் காத்திருக்காது." அந்தப் பனிமூட்டத்தில் நின்று நான் அதைக் கேட்டேன்.

ஜூன் மாதம் எவருக்கும் சொல்லாமல் வந்து நானே என் அப்பாவை அடக்கம் செய்தேன். ஐந்து கல். அவ்வளவுதான் என் குவியல். முழங்காலுயரம்கூட இல்லை. நான்காண்டு கழித்துக் கழகத்தாரோடு ஏறினேன், இடுப்பளவு வளர்ந்திருந்தது. முன்பின் தெரியாதவர்கள் எல்லாம் அவருக்குக் கல் வைத்திருந்தார்கள். நான் அழுதேன். கண்ணில் காற்று என்று சொன்னேன்.

எண்ணிக்கை மாறியது எனக்கு அன்றே தெரியும். மூன்று என்று நானே திருத்தியிருக்கலாம். அதற்குப் பதிலாகப் பக்கம் 41ஐ ஒரு கேள்வியோடு உங்களுக்கு அனுப்பினேன். உள்ளூர்க்காரர் சரிபார்ப்பது கழகத்தின் வழக்கம். உண்மையில் எனக்கு வேண்டியிருந்தது உங்கள் கையால் ஒரு சொல். அந்த உறை பிரிக்கப்படாமல் திரும்பி வந்தது. என்னிடம் இன்னும் இருக்கிறது, இத்துடன் அனுப்பியிருக்கிறேன். நானும் அதைப் பிரிக்கவில்லை.

அது திரும்பி வந்த அன்று, சரி, அப்படியே கிடக்கட்டும் என்று பழைய பக்கத்தை அச்சுக்குக் கொடுத்தேன். உங்கள் மேலுள்ள கோபத்தில் ஒரு எண்ணை மாற்றாமல் விட்டேன். அண்ணி அதைப் படிப்பார் என்று நான் எப்படி நினைத்திருப்பேன்?

மீட்புக் குழுவுக்கு எழுத என் கை வரவில்லை. முயன்றேன். மூன்று தாளைக் கிழித்தேன். இந்தக் கடிதத்தை நீங்கள் என்ன வேண்டுமானாலும் செய்யுங்கள்.

லாக்லன்


கிலாரன்,
20 ஏப்ரல் 1987

லாக்லனுக்கு,

உடல்நலத்தில் குறையில்லை. உங்கள் இருவர் நலனும் அறிய விருப்பம்.

நடந்தவற்றை வரிசையாக எழுதுகிறேன். மலையிலிருந்து இறங்கிய அந்த வாரமே மீட்புக் குழுவுக்கு நானே எழுதினேன்: குவியல்கள் மூன்று, கையேடு சொல்வது இரண்டாவது, ஆகவே என் மனைவி பிழை செய்யவில்லை. சார்ஜென்ட் கில்க்ரிஸ்ட் நேர்மையானவர். தானே ஏறி எண்ணினார். பிறகு வீட்டுக்கு வந்து, தொப்பியைக் கழற்றி, ஊனாவின் நாற்காலியில் உட்காராமல் நின்றுகொண்டே பேசினார்.

"மெக்காஸ்கில் சார், ரெண்டுதான் இருக்கு. புத்தகத்துல போட்டிருக்கற மாதிரியே."

"நடுவில் ஒன்று இருந்தது. நான்தான் கலைத்தேன்."

"ஏன் சார் கலைச்சீங்க?"

"இன்னொருவர் விழக்கூடாது என்று."

"ஒரு ஃபோட்டோ?"

எடுக்கவில்லை. கல்லின் வயதைக் கண்டுபிடிக்கத் தெரிந்தவனுக்கு, கலைக்குமுன் ஒரு படம் எடுக்கத் தோன்றவில்லை.

"கல்லெல்லாம் அங்கேயே சிதறிக் கிடக்கிறது. ரூரி சாட்சி."

"கல்லு மலையில எங்கதான் சார் இல்ல? ரூரி உங்க வீட்டுக்குக் கயிறு பிடிச்ச ஆளு. அவன் வேற என்ன சொல்வான்?" என்றார். பிறகு, குரலைத் தணித்து, "வீட்ல சாப்பாடு செய்யறதுக்கு யாராச்சும் வர்றாங்களா சார்?" என்று கேட்டார்.

பதினோராம் தேதி மண்டபத்தில் பேச்சு நடந்தது. கடைசி வரிசையில் இருந்தேன். பெயர் சொல்லவில்லை. "இந்த ஊர்லயே இருந்த ஒருத்தங்க" என்றார். மண்டபமே திரும்பி என்னைப் பாராமல் இருக்க முயன்றது. உன் நான்காம் பதிப்பு வாசலில் அடுக்கி விற்பனைக்கு இருந்தது. பக்கம் 41ஐப் பிரித்துப் பார்த்தேன். இப்போது அதில் பிழையே இல்லை. குவியல்கள் இரண்டு, இரண்டாவதில் திரும்பினால் பசுவின் முதுகு போன்ற நல்ல புல்வழி. உன் புத்தகத்தை நான் சரியாக்கிவிட்டேன் லாக்லன். ஊனா மட்டும் தவறாகிவிட்டாள்.

வீட்டுக்கு வந்து நீ அனுப்பிய உறையைப் பிரித்தேன். முன்புறம் "திருப்பி அனுப்புக" என்று என் கையெழுத்து. தேதி, 14 பிப்ரவரி 1983. மைக்கு ஓர் அழுத்தம் இருக்கிறது. எழுதியபோது நான் மகிழ்ச்சியாக இருந்திருக்க வேண்டும். உள்ளே பக்கம் 41; ஓரத்தில் உன் எழுத்து: "அண்ணா, முகட்டில் குவியல் இப்போது இரண்டா, மூன்றா? நீங்கள் ஒரு வார்த்தை எழுதினால் திருத்திவிடுகிறேன்."

ஒரு வார்த்தை.

ரூரி மலையில் சொன்னதை உனக்குப் பாதிதான் எழுதியிருந்தேன். மீதி இது: "என்னத்துக்குத் திட்டற? நீயும்தான் வருஷா வருஷம் இதுல கல்லு வச்ச. நான் ஆட்டுக்குப் பின்னால நின்னு பாத்திருக்கேன்." உண்மை. பள்ளிப் பிள்ளைகளை அழைத்துச் செல்லும்போதெல்லாம் வைத்தேன். அவர்களையும் வைக்கச் சொன்னேன். வழியறிந்தவன் குவியலை எண்ணுவதில்லை. எண்ணுகிறவர்கள் புத்தகத்தை நம்பி வருகிறவர்கள் மட்டுமே.

உன் கடிதம் ஒன்றே ஊனாவை மீட்கும். ஆனால் உறையின்றி அக்கடிதத்தை எவரும் நம்பமாட்டார். சகோதரச் சண்டை என்பார்கள். உறையோடு கொடுத்தால், அவள் சாவில் உன் கை எவ்வளவோ என் கையும் அவ்வளவு என்பதை எஃபியின் கடை ரொட்டி நிறுத்தும் தராசில் வைத்து நிறுத்துப் பார்க்கும். ஒன்பது நாட்கள் இரண்டும் என் மேசையில் கிடந்தன. மறுபுறம் திரும்பி உட்கார்ந்து விடைத்தாள் திருத்தினேன். இன்று காலை இரண்டையும் பதிவுத் தபாலில் கில்க்ரிஸ்டுக்கு அனுப்பிவிட்டேன். நகல் எடுக்கவில்லை.

உன்னை மன்னிக்கவில்லை. நீயும் என்னை மன்னிக்க வேண்டாம்; அது கணக்கைக் குழப்பும்.

இன்று என் அடக்கத்துக்கான கயிற்றுப் பட்டியலை எழுத உட்கார்ந்தேன். எட்டுக் கயிறு. ஊனாவும் போய்விட்டாள், பிள்ளைகளும் இல்லை என்பதால், தலைமாட்டுக் கயிறு முறைப்படி உடன்பிறந்தவனுக்கு வருகிறது. வேறொரு பெயரை எழுத ஒரு மணி நேரம் முயன்றேன்.

முழங்காலைப் பார்த்துக்கொள். பத்து நிமிடம் முன்னதாகவே வா.

டூகல்